நிழலை இழந்த செடி

தியானப் பகுதி: யாக்கோபு 1:12-15, லூக்கா 4:1-13



 இவ்வாரத் தியானத்தை நாகலூர்ப் பக்கத்திலுள்ள ஒரு காப்பித் தோட்டத்திலிருந்து தொடங்க விரும்புகிறேன்.

சேர்வராயன் மலையை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. ஏற்காட்டிலிருந்து நாகலூருக்குப் போகும் சாலையின் இருமருங்கிலும் காப்பிச் செடிகள். அவற்றுக்கு மேலே உயர்ந்து நிற்கும் சில்வர் ஓக் மரங்கள். அந்த மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள். 1820களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பியை இம்மலைக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. அன்று தொடங்கி ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இம்மலையின் பல குடும்பங்களுக்கு இந்தச் செடியே சோறு போடுகிறது.

சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில் நம் சபையின் மூத்த தாயார் ஒருவரைப் பார்க்கச் சென்றேன். நாற்பது ஆண்டுகள் தோட்ட வேலை செய்தவர். இப்போது வீட்டை ஒட்டிய சிறு நிலத்தில் தமக்கென்று கொஞ்சம் காப்பிச் செடிகளை வைத்திருக்கிறார். நான் போனபோது ஒரு செடியின் அருகே குனிந்து அமர்ந்து, சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, அதன் தண்டை மேலிருந்து கீழாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். உரிந்து தொங்கிய பழைய பட்டைத் துணுக்குகள் அவர் காலடியில் உதிர்ந்து கிடந்தன.

"எதற்காக அம்மா இதைத் தேய்க்கிறீர்கள்? செடி நன்றாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "நல்லா இருக்கும்போதுதான் ஐயா தேய்க்கணும். வண்டு பறக்கிறதுக்கு முன்னாடி தேய்க்கணும். உள்ளே போனதுக்கு அப்புறம் தேய்ச்சு என்ன பிரயோசனம்?"

அன்பானவர்களே, அந்த ஒரு வாக்கியத்தை நான் வீட்டுக்குச் சுமந்துகொண்டு வந்தேன். அந்த வாரம் முழுவதும் அது என்னைவிட்டு நீங்கவில்லை. சோதனையை மேற்கொள்வதைப்பற்றி இருபது ஆண்டுகளாக நான் செய்திருக்கும் பிரசங்கங்களில் பெரும்பாலானவை, உள்ளே போனபின் தேய்ப்பதைப்பற்றியவை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

வெளியே பச்சை, உள்ளே சுரங்கம்

அந்தத் தாயார் சொன்ன வண்டுக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்று பெயர். அராபிகா காப்பிக்கு நம் நாட்டில் இதைவிடப் பெரிய பூச்சிப் பகைவன் இல்லை என்றே சொல்லலாம். அது செடியைத் தாக்கும் விதத்தைக் கவனியுங்கள்.

தாய் வண்டு தண்டில் துளையிடுவதில்லை. பட்டையிலுள்ள சிறு வெடிப்புகளிலும் இடுக்குகளிலும் முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு முதலில் பட்டைக்கு அடியில் தின்னத் தொடங்குகிறது. பிறகு மெல்ல மரத்தின் உட்பகுதிக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து சுரங்கம் அமைக்கிறது. தான் துளைத்துச் சென்ற வழியைத் தன் கழிவாலேயே அடைத்துக்கொண்டு முன்னேறுவதால் வெளியே ஓட்டையும் தெரியாது, தூளும் சிந்தாது. பல மாதங்கள் வரை செடி பச்சையாகவே நிற்கும். கூர்ந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் தண்டில் மேடுபோன்ற வளையங்கள் தென்படும். இலை மஞ்சளாகி வாடும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியவரும். இளஞ்செடியானால் பட்டுப்போகும். முதிர்ந்த செடியானால் சாகாமல் நின்று, காய்ப்பை இழந்து, பெயருக்கு உயிரோடு இருக்கும்.

அப்போஸ்தலனாகிய யாக்கோபு சோதனையின் வழியை விவரிக்கும் பகுதியை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். மனிதனைக் கவர்ந்து இழுப்பது அவனுக்கு உள்ளேயே இருக்கும் சொந்த இச்சை என்கிறார் அவர். அந்த இச்சை கருவுறுகிறது, பாவத்தைப் பெற்றெடுக்கிறது, அந்தப் பாவம் முற்றி வளர்ந்து மரணத்தில் போய் முடிகிறது (யாக்கோபு 1:14,15). இங்கே அவர் ஒரு நொடியின் வீழ்ச்சியைப்பற்றிப் பேசவில்லை. கருவுறுதல், பிறப்பு, வளர்ச்சி, மரணம் என்று ஒரு காலப்போக்கைப்பற்றிப் பேசுகிறார். செய்தித்தாளில் வெளியாகும் வீழ்ச்சி ஒரு நாளில் நடந்ததாகத் தோன்றும். அந்த முட்டை இடப்பட்ட நாள் எந்தச் செய்தித்தாளிலும் வராது.

இங்கே ஒரு சிறு விளக்கம் தேவைப்படுகிறது. நம் வேதாகமத்தில் "சோதனை" என்ற ஒரே சொல் இரண்டு பொருளில் வருகிறது. விசுவாசத்தைப் புடமிடுகிற உபத்திரவமும் சோதனைதான். பாவத்துக்கு இழுக்கிற தூண்டுதலும் சோதனைதான். மூலமொழியாகிய கிரேக்கத்திலும் "பெய்ராஸ்மோஸ்" என்ற ஒரே சொல்லே இவ்விரண்டையும் குறிக்கிறது. ஆகவே யாக்கோபு அதே அதிகாரத்தில் ஒரு சோதனையைச் சந்தோஷமாக எண்ணச் சொல்கிறார் (1:2). மற்றொன்றைத் தேவன்மேல் சுமத்தாதே என்று எச்சரிக்கிறார் (1:13). நான் இன்று எழுதுவது இரண்டாவதைப்பற்றி. அதையும் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்: சோதிக்கப்படுவது பாவமன்று. நம் ஆண்டவர் எல்லா விதத்திலும் நம்மைப்போலவே சோதிக்கப்பட்டார். ஆயினும் அவரிடத்தில் பாவம் இருந்ததில்லை (எபிரெயர் 4:15). வண்டு தோட்டத்தில் பறப்பதைத் தடுக்க எந்தத் தோட்டக்காரராலும் முடியாது. அது முட்டையிட இடுக்கு கிடைக்கிறதா என்பதே கேள்வி.

வளைவில் அழுத்தும் பிரேக்

என் கருத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சோதனையை எதிர்த்து நிற்பதை நாம் ஒரு மல்யுத்தக் காட்சியாகக் கற்பனை செய்துவிட்டோம். ஒரு பக்கம் விசுவாசி, மறுபக்கம் சத்துரு, நடுவே ஒரு பயங்கரமான நொடி. அந்த நொடியில் பல்லைக் கடித்துக்கொண்டு "இல்லை" என்று சொல்கிறவன் வீரன். சொல்ல முடியாதவன் கோழை. பிரசங்க பீடத்திலிருந்து நாங்களும் அந்த நொடியைப்பற்றியே முழங்குகிறோம். இந்தப் போதனை முற்றிலும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இது தாமதமான போதனை. நம்மில் பலர் விழுவதற்கு இந்தத் தாமதமே காரணம் என்று நான் நம்புகிறேன்.

சேலத்துக்கு இறங்கும் மலைச்சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அனுபவமுள்ள ஓட்டுநர் வளைவுக்குள் வந்தபின் பிரேக்கை மிதிப்பதில்லை. இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுகிறார். வளைவில் அவர் சாமர்த்தியம் காட்டுவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் அவர் அங்கே அறுவடை செய்வது, சற்று முன்பே எடுத்த தீர்மானத்தின் பலனை.

தாவீதைப் பாருங்கள். மாடியில் உலாவிய அந்த மாலைநேரம்தான் அவனுடைய வீழ்ச்சியின் தொடக்கம் என்று நாம் நினைக்கிறோம். வேதம் அதற்கு முந்திய ஒரு வாக்கியத்தை எழுதிவைத்திருக்கிறது: ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலத்தில் அவன் எருசலேமில் தங்கிவிட்டான் (2 சாமுவேல் 11:1). இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. உடன் இருக்கவேண்டியவர்களோடு இல்லை. அவனைத் தட்டிக்கேட்கக்கூடிய தோழர்கள் யாவரும் போர்க்களத்தில் இருந்தார்கள். அரண்மனையில் இருந்தவர்கள் அவன் ஏவினதைச் செய்கிறவர்கள்.

யோசேப்பைப் பாருங்கள். தன் வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடிய நொடியை நாம் புகழ்கிறோம். ஆனால் அந்த ஸ்திரீ நாள்தோறும் அவனோடு பேசிவந்தாள் என்றும், அவளோடு இருக்கக்கூட அவன் சம்மதிக்கவில்லை என்றும் வேதம் சொல்கிறது (ஆதியாகமம் 39:10). ஓடிய நாளுக்கு முன்பே பல நாட்கள் விலகியிருந்தவன் அவன். அந்தப் பழக்கம் இருந்ததால்தான் அன்று கால்கள் ஓடின.

ஒரு சட்டமும் அதன் எல்லையும்

நம் மாவட்டத்துக்கு இவ்விஷயத்தில் ஒரு தனிச் சரித்திரம் உண்டு. 1937 அக்டோபர் 1ஆம் தேதி, சென்னை மாகாணப் பிரதமராயிருந்த ராஜாஜி, மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே திருச்செங்கோட்டை அடுத்த காந்தி ஆசிரமத்திலிருந்து அவர் குடிக்கு எதிராக உழைத்து வந்தார். "விமோசனம்" என்ற பத்திரிகையை அதற்கென்றே நடத்தினார். சட்டத்தால் இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். பிறருடைய சோதனையைக் குறைப்பதற்காக அரசாங்கம் தன் வருமானத்தை விட்டுக்கொடுத்த அந்தச் செயலை ஒரு கிறிஸ்தவ ஊழியனாகிய நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

ஆயினும் பின்னால் நடந்ததையும் நாம் அறிவோம். 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. சில ஆண்டுகளில் மீண்டும் வந்தது. 1981இல் மறுபடியும் போயிற்று. 1983இல் டாஸ்மாக் நிறுவனம் உருவாயிற்று. 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது. கடை மூடியிருந்தபோதும் கள்ளச்சாராயம் இருந்தது. கடை திறந்திருக்கும்போதும் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சூதாட்டத்துக்கும் இதே கதைதான். இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் அத்தடையிலிருந்து விலக்கியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது.

இவை வீண் என்று நான் சொல்லவில்லை. வண்டுகளின் எண்ணிக்கையைக் குறைக்கிற எதுவும் தோட்டத்துக்கு நன்மையே. பலவீனமான சகோதரனுக்கு முன்பாக இடறல்கல்லை வைக்காதே என்ற கட்டளையைச் சட்டமாக எழுதினால் அது இப்படித்தான் இருக்கும். ஆனால் கடையின் பூட்டு இருதயத்தின் இடுக்கை அடைப்பதில்லை. அந்த வேலை அரசாங்கத்துக்கு ஒப்புவிக்கப்படவில்லை. அது நமக்கு ஒப்புவிக்கப்பட்டிருக்கிறது. நாம் அதைச் செய்தோமா?

மரத்தை வெட்டினவர்கள்

காப்பியின் சரித்திரத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 1860களில் குடகிலும் மைசூரிலும் இந்தத் துளைப்பான் தோட்டம் தோட்டமாக அழித்தது. மதராஸ் அரசுப்பணியில் மருத்துவராயிருந்த ஜார்ஜ் பிடி அதை ஆராய்ந்து 1869இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அழிவின் காரணங்களுள் முதன்மையானதாகத் தெரியவந்தது நிழலின்மை. அதிக விளைச்சலை விரும்பிய தோட்டக்காரர்கள் காட்டு மரங்களை அடியோடு வெட்டிவிட்டுத் திறந்த வெயிலில் காப்பியை நட்டிருந்தார்கள். இந்த வண்டுக்கோ வெயில் படும் தண்டுதான் பிடிக்கும். செடிகள் செழித்து நின்றன, காய்த்தன. ஆனால் காவல் இல்லாமல் நின்றன. பிறகு மீண்டும் நிழல் மரங்கள் நடப்பட்டன. இன்று நாகலூர்ச் சாலையில் நாம் காணும் அந்த உயர்ந்த மரங்கள் அழகுக்காக மட்டும் நிற்கவில்லை.

தேவன் தம்முடைய ஜனத்துக்கு நிழலாயிருக்கிறார் என்று சங்கீதக்காரன் பாடினான் (சங்கீதம் 91:1, 121:5). நமக்கு முதல் நிழல் அவரே, இதில் ஐயமில்லை. ஆனால் அவர் அந்த நிழலை மனிதர் வழியாகவும் தருகிறார். தனிமையாயிருப்பது நல்லதல்ல என்று அவர் சொன்ன நாள்முதல் அப்படித்தான். சபை என்பது நிழல் மரங்களின் கூட்டமாயிருக்கவேண்டும். நாமோ பல நேரங்களில் கோடரியைக் கையில் எடுத்துக்கொள்கிறோம்.

இதை நான் பிறர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. என் சொந்தக் குற்றத்தை அறிக்கையிடுகிறேன். சம்பந்தப்பட்ட சகோதரரின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சனிக்கிழமை மாலையில் அவர் என் வீட்டுக்கு வந்தார். நல்ல உழைப்பாளி, ஞாயிறுதோறும் சபையில் வேதபாடம் வாசிப்பவர். தம் மனைவி மகளிர் குழுவில் வாங்கியிருந்த கடன் பணத்தைச் செல்பேசியில் ரம்மி ஆடித் தொலைத்துவிட்டதாகச் சொல்லி அழுதார். கொள்ளை நோய்க்காலத்தில் வேலையில்லாமல் வீட்டில் இருந்தபோது, முதலில் ஐம்பது ரூபாயில் தொடங்கியிருக்கிறது. நான் அவருக்காக ஜெபித்தேன். அதுவரை நான் செய்தது சரி. பிறகு, "ஒழுங்கு" என்ற பெயரில், அன்றிரவே சபைக் கமிட்டியாரிடம் அதைச் சொன்னேன். மறுநாள் அவர் வாசிக்க எழுந்தபோது வேறொருவர் அழைக்கப்பட்டார். திங்கட்கிழமை காலைக்குள் செய்தி டீக்கடை வரை போய்விட்டது. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. சில மாதங்களில் குடும்பத்தோடு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். அங்கேயும் நெடுநாள் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

வெகுகாலம் கழித்து நான் அவரைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஐயா, நான் உங்களை நம்பித்தானே சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். அந்த வார்த்தை இன்றளவும் எனக்குள் கிடக்கிறது.

விழுந்தவனைச் சாந்தமுள்ள ஆவியோடு சீர்ப்படுத்துங்கள். நீயும் சோதிக்கப்படாதபடி உன்னைக் கவனித்துக்கொள் என்பது அப்போஸ்தலனாகிய பவுலின் ஆலோசனை (கலாத்தியர் 6:1). சபை ஒழுங்கு வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். பிறருக்குத் தீங்கு நேருமானால், சிறுபிள்ளைகளோ பெண்களோ ஆபத்தில் இருப்பார்களானால், மௌனம் பாவமாகும். அங்கே உரியவர்களிடம் பேசியே ஆகவேண்டும். ஆனால் தன் காயத்தைத் தானே வந்து காட்டுகிறவனை ஊருக்குக் காட்டுவது ஒழுங்காகாது. அன்று நான் ஒருவரைத் திருத்தவில்லை. நிழல் தேடி வந்தவரை வெயிலில் நிறுத்தினேன். அதோடு முடியவில்லை: அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற அனைவரும், "இங்கே எதையும் சொல்லக்கூடாது" என்ற பாடத்தைக் கற்றுக்கொண்டார்கள். சொல்ல இடமில்லாத சபையில் பாவம் குறைவதில்லை. அந்தப் புழுவைப்போலத் தன் வழியை அடைத்துக்கொண்டு உள்ளே போகிறது.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே, வாசிக்கிற உங்களிடம் அந்தத் தாயாரிடமிருந்து கற்ற சில காரியங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, உங்கள் பருவத்தை அறிந்திருங்கள். இந்த வண்டு ஆண்டு முழுவதும் ஒரேவிதமாகப் பறப்பதில்லை. ஏப்ரல், மே மாதங்களிலும், மறுபடியும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மிகுதியாகப் பறக்கும். அதை அறிந்த தோட்டக்காரர் அதற்கு முந்திய மாதத்திலேயே செடி செடியாகப் பார்த்துவிடுகிறார். நமக்கும் பருவங்கள் உண்டு. சிலருக்குச் சம்பளம் கைக்கு வரும் நாள். சிலருக்கு வீட்டில் சண்டை நடந்த இரவு. சிலருக்குத் தனியாகப் பயணம்போகும் வாரம். சிலருக்குப் புகழ்ச்சி கிடைத்த மணிநேரம். என் பருவம் எது என்று கேட்கிறீர்களா? ஞாயிறு இரவு. செய்தி முடிந்து, களைத்து, எல்லாரும் உறங்கியபின், நான் பேசியதை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று செல்பேசியில் எண்ணிக்கொண்டிருப்பேன். பிறகு மற்ற ஊழியர்களின் எண்ணிக்கையோடு ஒப்பிடுவேன். அற்பமாகத் தோன்றும். பொறாமை முட்டையிட அந்த இடுக்கு போதும். இப்போது ஞாயிறு மாலையில் செல்பேசியை என் மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன்.

இரண்டாவது, பட்டையைத் தேய்த்துவிடுங்கள். பிசாசுக்கு இடங்கொடாதிருங்கள் என்று பவுல் எழுதும்போது (எபேசியர் 4:27) பெரிய வாசலைப்பற்றிப் பேசவில்லை. மறுநாள் வரை வைத்திருக்கும் கோபத்தைப்பற்றிப் பேசுகிறார். உரிந்து தொங்கும் சிறு சிறு காரியங்களை அகற்றுங்கள். அழிக்காமல் வைத்திருக்கும் தொலைபேசி எண், "சும்மா பார்க்க" வைத்திருக்கும் செயலி, கணக்கில் எழுதாத சிறு தொகை, மனைவிக்குத் தெரியாத கடன். ஆனால் தேய்க்கும்போது ஒன்றைக் கவனிக்கவேண்டும் என்றார் அந்தத் தாயார்: காய்ந்த பட்டை மட்டும் போகவேண்டும், உள்ளேயிருக்கும் பச்சைத்தோல் காயப்பட்டால் செடிக்கே கேடு. தன்னை வெறுத்துத் தண்டித்துக்கொள்வது பரிசுத்தமாகாது. தேவன் உங்களுக்குக் கொடுத்த நியாயமான சந்தோஷங்களைச் சுரண்டி எறியாதீர்கள். வாடிப்போன உள்ளம் சோதனைக்கு எளிதில் இரையாகும்.

மூன்றாவது, வசனத்தை முன்பே உள்ளே வைத்திருங்கள். வனாந்தரத்தில் நம் ஆண்டவர் மூன்று முறையும் உபாகமத்திலிருந்தே பதிலளித்தார். அங்கே அவர் கையில் புத்தகச்சுருள் இருந்ததாக நாம் வாசிப்பதில்லை. அந்த வார்த்தைகள் அவருக்குள் இருந்தன. பசியோடிருக்கும் நாற்பதாம் நாளில் வசனத்தைத் தேடத் தொடங்குகிறவனுக்கு அது கிடைப்பது அரிது.

நான்காவது, ஒருவரிடமாவது சொல்லுங்கள். நீங்கள் விழுந்தபின் சொல்வதற்கு மட்டுமல்ல, இழுக்கப்படும்போதே சொல்வதற்கு ஒருவர் வேண்டும். இரவு பதினொரு மணிக்கு அழைத்தாலும் காரணம் கேட்காமல் எடுக்கக்கூடிய ஒரு நண்பர். தப்பிக்கொள்ளும் வழியைத் தேவன் உண்டாக்குவார் என்று 1 கொரிந்தியர் 10:13 வாக்களிக்கிறது. அந்த வழி பலமுறை ஒரு மனிதனுடைய வாசற்கதவாக இருப்பதை நான் கண்டிருக்கிறேன்.

ஐந்தாவது, வெற்றிபெற்றபின் உறங்கிவிடாதிருங்கள். பிசாசானவன் ஆண்டவரைச் சோதித்து முடித்தபின் சிலகாலம் மட்டும் அவரைவிட்டு விலகினான் என்று லூக்கா குறிப்பிடுகிறார் (லூக்கா 4:13). தேவகுமாரனுக்கே அது ஒரு பருவமாக இருந்ததென்றால், நமக்கு எம்மாத்திரம்! மேயில் தப்பிய செடியை அக்டோபரில் மறுபடியும் பார்க்கத்தான் வேண்டும்.

வெட்டப்பட்ட தண்டு

இதை வாசிக்கும்போது, "ஐயா, எனக்கு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது" என்று சொல்கிறவர்கள் இருப்பீர்கள். உங்களுக்காக அந்தத் தாயாரிடம் இன்னொரு கேள்வி கேட்டேன். புழு உள்ளே போய்விட்ட செடியை என்ன செய்வீர்கள் என்றேன்.

வேர்வரை போய்விட்டிருந்தால் பிடுங்கி எரித்துவிடுவோம், இல்லையேல் பக்கத்துச் செடிகளுக்கும் பரவும் என்றார். பிறகு, "வேர் நல்லா இருந்தா, அடியோட ஒட்டி வெட்டிவிடுவோம் ஐயா. பார்க்கப் பாவமாத்தான் இருக்கும். ஆனா அதுலேர்ந்து தளிர் வரும். மூணு வருஷத்துல காய்க்கும்" என்று ஒரு செடியைக் காட்டினார். அடிக்கட்டையிலிருந்து இரண்டு இளந்தண்டுகள் நேராக மேலே எழும்பியிருந்தன.

கண் இடறலாயிருந்தால் பிடுங்கிப்போடு, கை இடறலாயிருந்தால் தறித்துப்போடு என்று ஆண்டவர் சொன்ன கடினமான உபதேசத்தை (மத்தேயு 5:29,30) அன்று நான் வேறுவிதமாகக் கேட்டேன். அது அழிப்பதற்காகச் சொல்லப்பட்டதன்று. வேரைக் காப்பாற்றுவதற்காகத் தண்டை வெட்டச் சொல்கிற தோட்டக்காரருடைய வார்த்தை அது. வெட்டப்பட்ட மரத்துக்கும் துளிர்க்கும் என்ற நம்பிக்கை உண்டு என்று யோபு தன் வேதனையின் நடுவில் சொன்னான் (யோபு 14:7). கிறிஸ்துவுக்குள் வேரூன்றியிருக்கிற உங்களுக்கு அதைவிட உறுதியான நம்பிக்கை உண்டு. வெட்டவேண்டியதை வெட்ட அவருக்கு இடங்கொடுங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. சென்ற மாதம் ஆராதனை முடிந்தபின் ஒரு தம்பி ஆலயத் தாழ்வாரத்தில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தான். எல்லாரும் போனபின் என்னிடம் வந்து, "ஐயா, உங்ககிட்ட ஒண்ணு..." என்று தொடங்கினான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல ஐயா" என்று சொல்லிவிட்டு மழைத்தூறலில் இறங்கிப் போய்விட்டான். முன்பு நடந்ததை அவனும் அறிவான். அவன் தயங்கியது நியாயமே. அந்தத் தயக்கத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்.

தம்பி, நீ இதை வாசிப்பாயானால், என் வீட்டுக் கதவு திறந்திருக்கிறது. எந்த நேரமானாலும் வா. இம்முறை நான் கேட்பேன், உன்னோடு ஜெபிப்பேன். நீ சொல்வதை உன் அனுமதியில்லாமல் கமிட்டியிடம் கொண்டுபோகமாட்டேன். அக்டோபர் பிறந்துவிட்டது, வண்டு பறக்கும் காலம் இது. வெயிலில் தனியாக நிற்காதே.

ஜெபிப்போம்:

அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் பலவீனம் உமக்குத் தெரியும். நாங்கள் காணாத இடுக்குகளை நீர் காண்கிறீர். சோதனையின் பருவம் வருமுன்னே எங்களைச் சுத்திகரியும். எங்களுக்கு நிழலாயிரும், நாங்கள் ஒருவருக்கொருவர் நிழலாயிருக்கக் கற்றுத்தாரும். விழுந்தவர்களை வெயிலில் நிறுத்திய எங்கள் பாவத்தை மன்னியும். வெட்டப்பட்ட இடங்களில் உமது கிருபையினால் தளிர்விடச் செய்யும். சோதிக்கப்பட்டும் பாவமில்லாதவராய் நின்ற இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்ளுகிறோம், எங்கள் நல்ல பிதாவே. ஆமென்.

கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த வாரம் மீண்டும் சந்திப்போம். கர்த்தர் உங்களை ஆசீர்வதித்துக் காப்பாராக.